படத்தில் வந்த டிரைவரும் அய்யாத்துரையும்

படம் ஆரம்பிப்பதற்கு முன்பே பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். தாராவியில் அவர்கள் சந்திலிருந்து பதினொரு பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு சயான் தியேட்டருக்கு வந்திருந்தார்கள். பழைய பிளாஸ்டிக் டிரம்களைக் கழுவி விற்கும் பட்டறை வைத்திருக்கும் நஜிமுதீன் அரை நாள் பட்டறையைச் சாத்திவிட்டு மனைவியோடு வந்திருந்தார். பேச்சியம்மாளின் மகள் வந்தனா போனிலேயே டிக்கெட் எடுத்து, எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருந்தாள். நடுவில் அவள் அப்பா அய்யாத்துரை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகத் தன்னைப் பற்றிய ஒரு விஷயத்தைப் பார்க்க வந்திருந்தார்.

படம் ஒரு பத்திரிகைக்காரியைப் பற்றியது. போதைத் தடுப்புக்கென்று இருக்கும் ஒரு அரசாங்கத் துறை, பிடித்த சரக்கை எரித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே விற்றுக்கொண்டிருந்ததை அம்பலப்படுத்திய பெண். நிஜத்தில் அவள் பெயர் ஸ்ரீலேகா. மாட்டுங்காக்காரி, ஆங்கிலப் பத்திரிகையின் நிருபர். அவளிடம் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அய்யாத்துரை. அந்தத் துறையின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவர்.

படத்தில் அந்த டிரைவருக்கு பாண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபதாவது நிமிடத்தில் வந்தான். வாய் நிறைய குட்கா, சட்டைப் பொத்தான் திறந்து கிடந்தது. வேனை வழியில் நிறுத்தி, ஒரு டிரம்மை உருட்டி இறக்கி, ரவுடி ஒருவனிடம் கொடுத்துவிட்டு, நோட்டுக் கட்டை முகர்ந்து பார்த்தான். தியேட்டரில் நாலு பேர் சிரித்தார்கள். அய்யாத்துரை இது வேறு யாரோ என்று நினைத்தார். தன்னுடைய பாத்திரம் இனிமேல்தான் வரும் என்று காத்திருந்தார். இடைவேளை வரை அப்படி ஒருவரும் வரவில்லை.

இடைவேளையில் அந்த வரிசையில் யாரும் எழுந்திருக்கவில்லை. நஜிமுதீன்தான் குனிந்து மெல்லக் கேட்டார்.

"அண்ணே, வீட்டுக்குப் போயிருவமா?"

"உக்காருங்க பாய். முழுசாப் பாக்கணும்."

முழுசாகப் பார்த்தார்கள். தாராவிச் சந்துகளில் மழையில் நனைந்தபடி கதாநாயகி தானே தேடி அலைந்து, எரித்ததாகச் சொன்ன டிரம்மைக் கண்டுபிடித்தாள். பாண்டுவை ஒரு சாராயக் கடையிலிருந்து இழுத்து வந்து கன்னத்தில் அறைந்தாள். தியேட்டர் முழுக்கக் கைதட்டியது. அப்புறம் மந்திரி வந்தார். வெள்ளை உடை, கண்ணில் நீர். "என் வீட்டுக்குள்ளேயே பாம்பு இருந்திருக்கிறது" என்று சொல்லி, இரண்டு அதிகாரிகளையும் ஒரு டிரைவரையும் கைதுசெய்ய உத்தரவு போட்டார். மறுபடியும் கைதட்டல்.

கடைசியில் நிஜ மனிதர்களின் புகைப்படங்களைப் போட்டார்கள். ஸ்ரீலேகா விருது வாங்குவது. நீதிமன்ற வாசல். பிறகு, முகத்தைக் கறுப்புத் துணியால் மூடி, இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் நடத்திக் கூட்டிப்போகப்படும் ஒரு ஆள். மூன்று வினாடிதான். பேச்சியம்மாள் அந்தச் சட்டையை அடையாளம் கண்டுகொண்டாள். நீலக் கட்டம் போட்டது. பைக்கு மேலே தைத்த இடம்கூடத் தெரிந்தது. தைத்தது அவள்.

"ஏங்க, அது நம்ம சட்டை" என்றாள்.

அய்யாத்துரை கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு எழுந்தார்.

*

அய்யாத்துரை பிறந்ததே தாராவியில்தான். அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர். மகன் தோல் வேலைக்கு வரக் கூடாது என்று பிடிவாதமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இருபத்துநாலு வயதில் ஒப்பந்த டிரைவராக அந்தத் துறையில் சேர்ந்து, இருபத்திரண்டு வருஷம் ஓட்டினார். நிரந்தரம் ஆக்கவே இல்லை. ஆனாலும் மகளைப் படிக்க வைத்தார். ஒரு தடவைகூட வண்டியை இடித்ததில்லை என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

துறையில் பிடிபடும் சரக்கை நீல நிற பிளாஸ்டிக் டிரம்களில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, ஒரு அறையில் அடுக்கி வைப்பார்கள். நீதிமன்றம் அனுமதி கொடுத்ததும், நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு ஆலையின் உலைக்குக் கொண்டுபோய் எரிக்க வேண்டும். டிரம்மின் மேல் எண் எழுதுவது குமாஸ்தாவின் வேலை. குமாஸ்தாவுக்குக் கை நடுங்கும். அதனால் வெள்ளைப் பெயிண்டையும் பிரஷையும் அய்யாத்துரையிடம் கொடுத்துவிடுவார். அய்யாத்துரைக்கு எழுத்து அழகாக வரும். ஏழு எழுதினால் அதன் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு போடுவார்.

முதல்முறை வேனை வழியில் ஒரு கிடங்குக்குள் விடச் சொன்னபோது, அவர் எதுவும் கேட்கவில்லை. பத்து டிரம்களை இறக்கினார்கள். அதே போன்ற வேறு பத்து டிரம்களை ஏற்றினார்கள். ஆலையில் அவற்றைத் திறந்து உலையில் கொட்டியபோது வெள்ளைத் தூள்தான் விழுந்தது. சுண்ணாம்பு நெடி அடித்தது. காலி டிரம்களையும் உலைக்குள்ளேயே தள்ளினார்கள். அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை கிடங்கில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடியில் மந்திரி அலுவலகத்தின் அனுமதிச் சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து இறங்கியவரை அய்யாத்துரைக்குத் தெரியும். மந்திரியின் தனிச் செயலாளர். துறை விழாக்களில் மேடையில் இரண்டாவது நாற்காலியில் உட்காருபவர். அவர் டிரம்களை விரலால் தட்டிப் பார்த்தார். போகும்போது அய்யாத்துரையைப் பார்த்து, "பச்சே கித்னே ஹை?" என்று கேட்டார். எத்தனை பிள்ளைகள் என்று. அய்யாத்துரை ஒரு மகள் என்றார். "கயால் ரக்கோ உஸ்கா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மகளை நன்றாகப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வருஷம் அய்யாத்துரை வாயைத் திறக்கவில்லை. இதைப் பின்னால் எப்போது சொன்னாலும் அவர் மறைக்காமல் சொல்வார். பயந்தார். வேலை போய்விடும் என்று நினைத்தார். வேனை ஓட்டினார், சம்பளம் வாங்கினார், வீட்டில் வந்து சாப்பிட்டார்.

அந்த வருஷம்தான் நஜிமுதீனின் மூத்த மகன் காலித் செத்தான். இருபது வயது. அந்தப் பையனை அய்யாத்துரை தோளில் தூக்கி வளர்த்திருக்கிறார். பட்டறையில் அப்பாவோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், எம்.டி. என்று பையன்கள் சொல்லும் அந்தப் போதைத் தூளில் விழுந்து, எட்டு மாதத்தில் எலும்பாகி, ஒரு வெள்ளிக்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அய்யாத்துரையும் ஒருவர். வாசலைத் தாண்டும்போதே உயிர் இல்லை.

நாற்பது நாள் கழித்து நஜிமுதீன் மறுபடி பட்டறையைத் திறந்தார். ஊரெல்லாம் தூக்கிப்போடும் டிரம்களை வாங்கி, வெந்நீரும் சோடாவும் விட்டுக் கழுவி, திரும்ப விற்கும் பட்டறை அது. ஒரு மாலை அய்யாத்துரை சும்மா பேசப் போயிருந்தார். புதிதாக வந்திறங்கிய குவியலில் ஒரு நீல டிரம். மேலே வெள்ளைப் பெயிண்டில் நூற்றுப் பதினேழு. ஏழின் இடுப்பில் கோடு.

சரக்கோடு சேர்த்து உலையில் எரித்ததாக அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட டிரம் அது.

அய்யாத்துரை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நஜிமுதீனிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிடங்கு, கார், செயலாளர், ஒரு வருஷமாகத் தான் சொல்லாமல் இருந்தது. நஜிமுதீன் அவரை அடிப்பார் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நஜிமுதீன் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத நான் கழுவ மாட்டேன்" என்றார் கடைசியில். "எடுத்து மேல வைங்க."

*

ஸ்ரீலேகாவைத் தேடிப் போனது நஜிமுதீன் சொன்ன யோசனை. போதைக்கு அடிமையான பிள்ளைகளைப் பற்றி எழுத அவள் தாராவிக்கு வந்திருக்கிறாள். தமிழ் பேசுவாள். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து அய்யாத்துரை இரண்டு மணி நேரம் சொன்னதை அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். மறுநாள் பட்டறைக்கு வந்து டிரம்மைப் போட்டோ எடுத்தாள்.

"உங்க பேர் என் வாயிலேர்ந்து வராது. எந்தக் கோர்ட்ல கேட்டாலும் வராது" என்றாள்.

அய்யாத்துரைக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆறு மாதம் அவள் அலைந்தாள். அதை அய்யாத்துரை ஒருநாளும் மறுத்ததில்லை. ஆலைக்குப் போனாள், கிடங்கின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தாள், மிரட்டல்களைத் தாங்கினாள். செய்தி மூன்று நாள் முதல் பக்கத்தில் வந்தது. சட்டசபையில் கூச்சல். மந்திரி விசாரணைக்கு உத்தரவிட்டார். ஐந்தாவது நாள் விசாரணைக்காரர்கள் வந்து கைதுசெய்தது இரண்டு அதிகாரிகளையும், வேனை ஓட்டிய அய்யாத்துரையையும். செயலாளர் சாட்சிப் பட்டியலில்கூட இல்லை.

பதினோரு மாதம் சிறையில் இருந்தார். வக்கீல் ஹனீப், தாராவிப் பையன்தான், சயானில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருப்பவர், ஸ்ரீலேகாவைப் போய்ப் பார்த்தார். இந்த ஆள்தான் உங்களுக்குத் தகவல் கொடுத்தவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளியே வந்துவிடுவார் என்றார். தகவல் கொடுத்தவரின் பெயரை வெளியிடுவதில்லை என்பது பத்திரிகையின் கொள்கை என்று அவள் சொன்னாள். அவரே சொல்லச் சொல்கிறார் என்றார் ஹனீப். ஆசிரியரும் பத்திரிகையின் வக்கீல்களும் கூடாது என்கிறார்கள் என்றாள். அந்த மௌனத்துக்காக அவளைப் பாராட்டிக் கட்டுரைகள் வந்தன. விருது கிடைத்தது. அந்தச் செய்தியை அய்யாத்துரை சிறையில் வடா பாவ் சுற்றி வந்த பேப்பரில் பார்த்தார்.

ஜாமீனில் வந்தபோது வேலை இல்லை. ஒரு பள்ளிக்கூட வேனை ஓட்டப் போனார். வழக்கு நகரவே இல்லை. அப்படியே மூன்று வருஷம் ஓடிய பிறகு, படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்தக் குடும்பமே சந்தோஷப்பட்டது. கோர்ட்டில் சொல்லாததைச் சினிமாவிலாவது சொல்வார்கள் என்று நம்பியது.

*

படம் வெளியான பத்தாவது நாள் அரசாங்கம் அதற்கு வரிவிலக்குக் கொடுத்தது. மந்திரி, படக்குழுவினரோடு மேடையில் நின்று, இளைஞர்கள் எல்லாரும் பார்க்க வேண்டிய படம் என்றார். அவருக்குப் பின்னால், மேடையில் இரண்டாவது நாற்காலியில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் டிவியை அணைத்தாள். அய்யாத்துரை மறுபடி போட்டார்.

பள்ளிக்கூட வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் யாரோ அந்தக் கறுப்புத் துணிப் படத்தையும் அய்யாத்துரையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டார்கள். மறுநாள் காலை வேனின் சொந்தக்காரர் சாவியைத் திரும்பக் கேட்டார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நாலு தடவை சொன்னார்.

அன்று மத்தியானமே அய்யாத்துரை செம்பூருக்குப் போனார். படத்தின் இயக்குனர் நகுலின் ஆபீஸ் அங்கே இருந்தது. செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பையன், முப்பத்தைந்து வயது இருக்கும். யார் வந்திருப்பது என்று தெரிந்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"பைட்டியே, உக்காருங்க அங்கிள், ப்ளீஸ். என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் வேண்டாம். நான் டிரம் வித்தேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"அது நீங்க இல்ல அங்கிள். அது ஒரு கேரக்டர். முதல்லயே போடறோம்ல, எல்லாம் கற்பனைன்னு."

"கடைசில போட்டோ போட்டியளே. அதுல நடந்து போறது எந்த கேரக்டரு?"

"முகம் மூடித்தான இருந்துச்சு" என்றான்.

"எம் பொண்டாட்டி சட்டைய வச்சி கண்டுபிடிச்சா. பிள்ளைகளோட அம்மா அப்பா கண்டுபிடிச்சாச்சு. நீங்க ஒருத்தருதான் இன்னும் கண்டுபிடிக்கல."

"அங்கிள், நான் சொல்றதைக் கேளுங்க. முதல் ஸ்கிரிப்ட்ல நீங்க நல்லவர். சச்சி, நிஜமா. மந்திரி ஆபீஸ்தான் வில்லன். லாயர்ஸ் படிச்சுட்டு, இது ரிலீஸே ஆகாதுன்னுட்டாங்க. பணம் போட்டவங்களும் பின்வாங்கிட்டாங்க. படம் வெளிய வரணும்ல? ஆடியன்ஸுக்குக் கோபப்பட ஒரு மூஞ்சி வேணும்."

"அதுக்கு ஏழை மூஞ்சிதான் சல்லிசாக் கெடைச்சுதோ?"

"எல்லாமே ஸ்ரீலேகா மேடம் குடுத்த மெட்டீரியல்தான். நோட்புக்கே குடுத்தாங்க. உங்க பேர், டிரம் நம்பர், எல்லாம் அதுல இருந்துச்சு. கடைசி ஸ்கிரிப்ட்டையும் அனுப்பினோம். அவங்க ஓகே சொன்னாங்க."

அய்யாத்துரை அதற்கு மேல் அங்கே உட்காரவில்லை. எழுந்து படியிறங்கினார். சிறையில்கூட அவருக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. அங்கே எதிரிகள் அவரை அடைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இது வேறு. வக்கீல் போய்க் கேட்டபோது சொல்லாத பெயரை, அவர் சிறையில் கிடந்தபோது சொல்லாத பெயரை, சினிமாக்காரன் கேட்டதும் நோட்டோடு எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

*

மாட்டுங்காவில் ஸ்ரீலேகாவின் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். வருவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள்போல இருந்தாள்.

"வாங்கோ அண்ணா. உட்காருங்கோ."

"நின்னே பேசிக்கிடுதேன்."

"நான் எதிர்த்தேன். நம்புங்கோ. கடைசி ஸ்கிரிப்ட் வந்தப்போ, இது அநியாயம்னு சொன்னேன். ஆனா கான்ட்ராக்ட்ல மாத்தற உரிமை அவாளுக்குன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன். படத்துக்கு எதிராப் பேசவும் கூடாது."

"ஓகேன்னு சொன்னீங்கன்னு அந்தத் தம்பி சொல்லுதாரு."

அவள் பார்வையைத் தாழ்த்தினாள். "சொன்னேன்" என்றாள். "ஏதோ கொஞ்சமாவது உண்மை ஜனங்களுக்குப் போகட்டும்னு நினைச்சேன்."

அய்யாத்துரை சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. ஆனால் அவர் பேசியதைப் பக்கத்து அறையில் இருந்த அவள் வீட்டார் நெடுநாள் மறக்கவில்லை.

"மேடம், ஒங்க மேல ஒரு தப்பும் இல்லன்னுதான் நான் பதினோரு மாசமும் நெனச்சேன். பேரச் சொல்ல மாட்டேன்னீங்க. அது ஒங்க சத்தியம். சரின்னேன். எம் மவ காலேஜுக்குப் போவாம வீட்ல கெடந்தா. எம் பொண்டாட்டி ஜெயில் வாசல்ல வரிசையில நின்னா. நானே ஆள் அனுப்பிச் சொல்லச் சொன்னேன். அப்பவும் சொல்லல. நாடே ஒங்களப் பாராட்டுச்சு. நான் உள்ள கெடந்தேன். பொறவு சினிமாக்காரன் வந்து கேட்டான். ஒடனே சொல்லிட்டீங்க. சொல்ல வேண்டிய எடத்துல வாய மூடிக்கிட்டீங்க, மூட வேண்டிய எடத்துல தொறந்துட்டீங்க. ரெண்டு தடவையும் அடி வாங்குனது நான். ரெண்டு தடவையும் பேரு வாங்குனது நீங்க."

ஸ்ரீலேகா அழவில்லை. அழுதிருந்தால் அவர் இன்னும் கோபப்பட்டிருப்பார்.

"நான் எழுதறேன்" என்றாள். "கான்ட்ராக்ட் போனாப் போறது. உங்க பேர் போட்டு, முழுசா, முதல் பக்கத்துல."

"பேப்பர் வேண்டாம். பேப்பரு மறுநா வடா பாவ் கட்டத்தான் ஆவும். கேஸு இப்பத்தான் நகர ஆரம்பிச்சிருக்கு. அடுத்த மாசம் எட்டாந் தேதி எங்க தரப்புச் சாட்சி. ஹனீப் வக்கீலு சம்மன் அனுப்புவாரு. கோர்ட்டுக்கு வாங்க. கூண்டுல ஏறுங்க. அங்க சொல்லுங்க."

"என் எடிட்டர் விடமாட்டார். படக் கம்பெனி என்மேல கேஸ் போடும்."

"போடட்டும். கேஸுன்னா எப்படி இருக்கும்னு நான் சொல்லித்தாரேன்."

*

எட்டாம் தேதி அவள் வந்தாள். வந்துவிடுவாள் என்று ஹனீப் நம்பவில்லை. வேறு வழி ஒன்றையும் தயாராக வைத்திருந்தார். நஜிமுதீன் ஐந்து வருஷமாகப் பட்டறையின் மேல்தளத்தில் ஒளித்து வைத்திருந்த நூற்றுப் பதினேழாம் எண் டிரம்மை டெம்போவில் ஏற்றி நீதிமன்ற வளாகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். காவலர்கள் அதை உள்ளே விட ஒரு மணி நேரம் தகராறு செய்தார்கள்.

முதலில் அரசு வக்கீல் சிரித்தார். யார் வேண்டுமானாலும் நேற்று ராத்திரி பெயிண்ட் வாங்கி எழுதியிருக்கலாம் என்றார். ஏழில் கோடு போடுவது இந்த ஊரில் லட்சம் பேருக்கு வழக்கம் என்றார். இந்தச் சம்பவத்தைப் பற்றி நாடே ஒரு படம் பார்த்திருக்கிறது, அதில் டிரைவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தபோது நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் சினிமா பார்ப்பதில்லை. அதை இங்கே கொண்டுவராதீர்கள்" என்றார். அந்த வழக்கில் அய்யாத்துரைக்கு மனம் குளிர்ந்த முதல் வாசகம் அதுதான்.

பிறகு ஸ்ரீலேகா கூண்டில் ஏறினாள். ஐந்து வருஷத்துக்கு முன் அவள் எடுத்த போட்டோவைக் காட்டினாள். தேதி இருந்தது. டிரம் இருந்தது. பக்கத்தில், எண்ணைத் தொட்டுக் காட்டியபடி அய்யாத்துரை நின்றார்.

"இதை எனக்குக் காட்டியவர் இவர்தான். கிடங்கைச் சொன்னவரும், காரில் வந்தவர் யாரென்று சொன்னவரும் இவர்தான்" என்றாள். செயலாளரின் பெயரையும் பதவியையும் சொன்னாள். அந்தப் பெயர் ஒரு நீதிமன்ற அறையில் ஒலித்தது அதுவே முதல்முறை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்கள்.

அரசு வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார்.

"ஐந்து வருஷம் ஏன் சொல்லவில்லை?"

"என் தொழில் தர்மம் என்று நினைத்தேன்."

"அப்படியானால் படக்காரர்களிடம் ஏன் சொன்னீர்கள்? அதற்கு உங்களுக்குப் பணம் கிடைத்தது, இல்லையா?"

அவள் அய்யாத்துரையைப் பார்த்தாள். பிறகு நீதிபதியைப் பார்த்தாள்.

"கிடைத்தது. ஏன் சொன்னேன் என்பதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை" என்றாள்.

அய்யாத்துரை அவளை மன்னித்தாரா என்று பின்னால் பலர் கேட்டிருக்கிறார்கள். மன்னிக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொன்னபோது அவள் கூண்டின் கம்பியைப் பிடித்திருந்த விதத்தை அவர் பார்த்தார். அதற்குப் பிறகு அவளைப் பற்றி யாரிடமும் தாழ்வாகப் பேசியதில்லை.

தீர்ப்பு வர இன்னும் ஐந்து மாதம் ஆனது. அய்யாத்துரை விடுவிக்கப்பட்டார். அதிகாரிகளில் ஒருவருக்குப் பத்து வருஷம். இன்னொருவர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார். எப்படிப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. செயலாளரை விசாரிக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு எழுதினார். பதினைந்தே நாளில் மேல் கோர்ட்டில் அதற்குத் தடை வாங்கிவிட்டார்கள். மந்திரி இப்போதும் மந்திரி. துறை மட்டும் மாறியிருக்கிறது. பட நிறுவனம் ஸ்ரீலேகாமேல் வழக்குப் போட்டிருக்கிறது. பத்திரிகை அவளை வெளியே அனுப்பிவிட்டது. படம் இன்னும் போனில் பார்க்கக் கிடைக்கிறது. பாண்டு இன்னும் அறை வாங்கிக்கொண்டிருக்கிறான். அய்யாத்துரை விடுதலையான செய்தி எட்டாவது பக்கத்தில் நாலு வரி வந்தது. அதிலும் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

தீர்ப்பன்று ஒரு டிவிக்காரன் மைக்கை நீட்டி, "இப்போது சந்தோஷமா?" என்று ஹிந்தியில் கேட்டான்.

"ஒரு பையன் செத்துருக்கான். அவன் பேரு காலித்" என்றார் அய்யாத்துரை, அவரும் ஹிந்தியிலேயே. "அதைப் போடுங்க." அவர்கள் அதைப் போடவில்லை.

இப்போது அவர் நஜிமுதீனின் டெம்போவை ஓட்டுகிறார். பள்ளிக்கூட வேன்காரர் தீர்ப்புக்குப் பிறகு வந்து திரும்பக் கூப்பிட்டார். அய்யாத்துரை போகவில்லை. வந்தனாவுக்கு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் தீர்ப்பின் நகலை ஆங்கிலத்தில் வாசித்து, ஒவ்வொரு பத்தியாக அப்பாவுக்குச் சொன்னாள். அவர் ஒரு இடத்தை மட்டும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். செயலாளரின் பெயர் வரும் இடம்.

மேல் கோர்ட்டில் அந்தத் தடை வழக்கு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலில் வரும், தள்ளிப்போகும். ஒவ்வொரு தடவையும் அய்யாத்துரை போகிறார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அந்த வழக்கில் அவர் கட்சிக்காரரும் இல்லை. பின்வரிசையில் போய் உட்காருகிறார். சில நாள் நஜிமுதீனும் கூட வருகிறார். செயலாளரின் வக்கீல்களுக்கு இந்த இரண்டு பேரின் முகமும் இப்போது தெரியும்.

"வக்கீலே போன்ல சொல்லிருவாருல்லா" என்றாள் பேச்சியம்மாள், போன வியாழக்கிழமை அவர் கிளம்பும்போது. "நீங்க எதுக்கு ஒரு நாப் பொழப்பக் கெடுத்துக்கிட்டுப் போறிய?"

"நான் வாரேன்னு அவனுவளுக்குத் தெரியணும்."

அன்றைக்கு வழக்கைக் கூப்பிடவே இல்லை. நேரமில்லை என்று தள்ளி வைத்துவிட்டார்கள். அய்யாத்துரை எழுந்து போய், கோர்ட் குமாஸ்தாவிடம் அடுத்த தேதி என்ன என்று கேட்டார். குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். அய்யாத்துரை அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை அங்கேயே நின்று, தேதியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.